தோன்றா எழுவாய்

தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் பேசலாம். 'வந்தேன்' என்றால் வந்தது நான்; சொல்லின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'அறுவை செய்யப்பட்டது' என்பதில் அந்த வசதி இல்லை. இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அரசு அறிக்கைகளை இந்தக் கண்ணோடு படிப்பது பழக்கமாகிவிட்டது. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 14 அன்று அளித்த தீர்ப்பையும் இப்படித்தான் படித்தேன்.

வழக்கு பீகாரில் தொடங்குகிறது. 2012 ஜனவரியில் அராரியா மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், இரவில், இரண்டு மணி நேரத்துக்குள் 53 பெண்களுக்கு ஒரே மருத்துவர் கருத்தடை அறுவை செய்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சத்தீஸ்கரில் அதைவிடப் பெரிய கொடுமை நடந்தது. 2014 நவம்பர் 8, பிலாஸ்பூர் மாவட்டம், மூடிக்கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடம். சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை. ஒரு மருத்துவர் ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக்கூடாது என்பது அரசே வகுத்த விதி. அந்த முகாமிலும் அடுத்தடுத்து நடந்த முகாம்களிலுமாக 13 பெண்கள் இறந்தார்கள்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மருத்துவர் கைதானார். அதிகாரிகள் சிலர் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார்கள். மாத்திரை தயாரித்தவர்களும் கைதானார்கள். எத்தனை பெண்களைக் கூட்டி வருவது என்று முடிவு செய்தது நிர்வாகம், தான் அல்ல என்றார் மருத்துவர். சுகாதார அமைச்சர் அமர் அகர்வால், பிலாஸ்பூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் அவரே, பதவி விலகவில்லை. கத்தி பிடித்தது அவரா என்பதே அவருக்காகப் பேசியவர்களின் வாதம்.

ஆனால் அதே ஆண்டுக் குடியரசு தினத்தன்று, அதே மருத்துவர், 50,000 கருத்தடை அறுவைகள் செய்ததற்காக மாநில அரசால் பாராட்டப்பட்டவர். விருதை வழங்கியதும் அதே அமைச்சர்தான். எண்ணிக்கை பெருமையாக இருந்தவரை அது அரசின் கொள்கை. பிணமானதும் அது நடைமுறைக் கோளாறு. கொள்கைக்கு அமைச்சர், நடைமுறைக்கு அதிகாரி என்று பாடப்புத்தகத்தில் கோடு போடுவது சுலபம். ஒரு பெண்ணின் வயிற்றில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? வேகம்தான் அங்கே கொள்கை. 83 என்ற எண், மேலே யாரோ கேட்ட எண்ணின் கடைசித் துண்டு.

இலக்குகளைக் கைவிட்டதாக 1996-லேயே இந்திய அரசு அறிவித்துவிட்டது. அதன்பின் வந்த தொடர் 'எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு'. எதிர்பார்ப்பவர் யார்? அங்கேயும் எழுவாய் இல்லை. அந்த எதிர்பார்ப்பு மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி, கடைசியில் கிராமத்துச் சுகாதாரப் பணியாளரான மிதானின் கையில் வந்து நிற்கிறது. அவளும் பெண்தான், அக்கம்பக்கத்துப் பெண்களை வண்டியில் ஏற்றி அழைத்து வருகிறவள். ஆண்களுக்கான அறுவை இதைவிட எளிது. ஆனாலும் கருத்தடை அறுவை செய்துகொள்கிறவர்களில் 100-க்கு 90-க்கு மேல் பெண்களே. இந்த விகிதத்தை எந்த வட்டார மருத்துவரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை.

1956-இல் நம் அரியலூரில் ரயில் கவிழ்ந்தபோது லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்பதை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். அவர் ரயிலை ஓட்டவில்லைதான். ஆனால் எனக்கு அந்த உதாரணத்தில் முழுத் திருப்தி இல்லை. ஒருவர் கண்ணியமாக வெளியேறுவதோடு கதை முடிந்துவிடும்; தண்டவாளத்துக்கான பணத்தை யார் வெட்டினார் என்ற கேள்வி பாராட்டில் அமுங்கிப்போகும்.

தீர்ப்பு முக்கியமானது, சந்தேகமில்லை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்று நழுவப் பார்த்த ஒன்றிய அரசை, குடும்பக் கட்டுப்பாடு பொதுப் பட்டியலில் இருப்பதைச் சொல்லி நிறுத்தியது. 2010 முதல் 2013 வரை 363 மரணங்கள் நிகழ்ந்ததைப் பதிவு செய்தது. மூன்று ஆண்டுகளுக்குள் முகாம்களை நிறுத்தும்படியும், இலக்கு வைக்கக் கூடாது என்றும் சொன்னது. இருந்தும், யாரைக் கணக்குச் சொல்ல வைக்கிறது என்று பாருங்கள்: தரக் கண்காணிப்புக் குழுக்களை. மாநிலக் குழுவுக்குத் தலைவர் துறைச் செயலர், மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர். அறிக்கை தருவது, இணையத்தில் வெளியிடுவது எல்லாம் அதிகாரிகளின் வேலை. எண்ணிக்கை கேட்ட அரசியல்வாதி அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறார். 'ஒன்றியம்', 'மாநிலம்' என்ற சொற்கள் அவருக்குக் குடை பிடிக்கின்றன.

அறுவையின் விளைவுகளை அந்தப் பெண்ணுக்கு அவள் மொழியில் விளக்க வேண்டும், யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. ஒப்புதல் படிவத்தில் அவளுடைய கையெழுத்தோ கைரேகையோ விழும், மருத்துவரும் கையெழுத்திடுவார். அந்தப் படிவத்தோடு இன்னொரு தாளையும் சேர்க்கச் சொல்லியிருக்கலாம்: அந்த ஆண்டுக்கு இத்தனை அறுவை என்று எண்ணைக் குறித்த தாள், குறித்தவரின் பெயரோடும் பதவியோடும். அதையும் அவள் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம்.