தோற்க இடமில்லாத வாதம்

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் அந்த மலையை ஆண்ட சங்ககால மன்னன் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. மலையில் வில்வித்தைப் போட்டி நடக்கும்போது முகநூலிலும் யூடியூபிலும் வேறொரு போட்டி நடக்கும்: ஓரி எந்தச் சாதி? ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்கள் அவனைத் தம் முன்னோன் என்கின்றன. பதிவுக்கு எதிர்ப்பதிவு, அதற்கு மறுப்பு, மறுப்புக்கு வசை என்று அது நீள்கிறது. அடுத்த ஆடியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இந்தச் சண்டைக்குப் படித்தவர்கள் சிலர் ஒரு நியாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். மனிதனின் பகுத்தறிவு தனியாக உட்கார்ந்து உண்மை தேட வளர்ந்தது அல்ல, பிறரோடு வாதிட்டு அவரை இணங்கவைக்க வளர்ந்தது என்று ஹ்யூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011இல் எழுதினார்கள். ஆகவே ஊடகத்தில் வாதிடுவது மனித இயல்பு, வாதம் பெருகினால் உண்மை தெளியும் என்பது இந்தப் படித்தவர்கள் கட்சி. இந்தக் கட்சி தவறானது.

இதில் ஒப்புக்கொள்ள வேண்டியவை உண்டு. முன்பு சங்கப் பாடலைப் பற்றிப் பேசப் பதவியோ பத்திரிகையோ வேண்டியிருந்தது. இன்று மலையூர் மாணவர் ஒருவர் பேராசிரியரையே பொதுவில் மறுக்கலாம். அது பெரிய விடுதலை. பண்பற்ற சண்டையை முகநூல்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்றும் சொல்ல முடியாது. வள்ளலாரின் பாடல்களை அருட்பா எனலாமா என்று எழுந்த அருட்பா–மருட்பாப் பூசலில் கண்டனத் துண்டறிக்கைகள் பறந்தன. வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

என் மறுப்பு வசையைப் பற்றியது அல்ல. பதிவில் எழுதுபவர் யாரோடு பேசுகிறார் என்பதே என் கேள்வி. எதிராளியின் பெயரைச் சொல்லி எழுதினாலும் அவர் பேசுவது தம் கூட்டத்தோடுதான். எதிராளி இணங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அங்கே இல்லை. நம்மவர் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். மெர்சியேயும் ஸ்பெர்பரும் சொன்னதன் மறுபாதி இங்கேதான் மறக்கப்படுகிறது. தன் காரணங்களைத் தானே சோதிப்பதில் மனிதன் சோம்பேறி, பிறர் காரணங்களைச் சோதிப்பதில் கறாரானவன் என்றார்கள் அவர்கள். வாதத்தால் உண்மை தெளிய வேண்டுமானால், மாறுபட்டவர்கள் எதிரெதிரே இருந்து, விடை காணும் விருப்பத்தோடு பேச வேண்டும். தம்மவர் மட்டும் சூழ்ந்திருந்தால் அதே பகுத்தறிவு பழைய முடிவையே மேலும் இறுக்கும்.

சமூக ஊடக நிறுவனங்களும் இதற்குத் தீனி போட்டன. 2017இல் முகநூல், கோபக் குறி உள்ளிட்ட எதிர்வினைக் குறிகளுக்கு விருப்பக் குறியைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. சீற்றத்தைக் காட்டிய ட்வீட்டுகளுக்கு விருப்பமும் பகிர்வும் கிடைத்தால், எழுதியவர் அடுத்த முறை மேலும் சீறுகிறார் என்று வில்லியம் பிராடியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் காட்டினார்கள். பரிசு எதற்கோ, பயிற்சியும் அதற்கே.

ஓரி வழக்கையே எடுத்துப் பாருங்கள். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் புலவர் வன்பரணர் ஓரியைக் காட்டில் ஒரு வேட்டுவனாகக் காட்டுகிறார். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்துகிறது. வேட்டைத்தொழில் முன்னோர் என்பவருக்கு இந்தப் பாட்டு போதும். ஊன் விற்றுப் பிழைப்பவன்போல் இவன் இல்லை, செல்வமுடையவன் என்றும் அதே பாட்டு சொல்கிறது. ஆண்ட பரம்பரை என்பவருக்கும் அது போதும். அகநானூற்றின் 209ஆம் பாட்டு, முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குத் தந்ததைச் சொல்கிறது. இந்தப் பாடல்களில் இன்றைய சாதிப் பெயர் எதுவும் இல்லை. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரோ, தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று கதை சொல்கிறார்கள். ஆக, நேர்மையான விடை ஒன்றே: தெரியாது. எதிரெதிரே உட்கார்ந்து இந்தப் பாடல்களைப் படித்தால் ஒரு மாலைக்குள் இந்த இடத்துக்கு வந்துவிடலாம். ஆண்டுதோறும் எழுதியும் பதிவர்கள் வரவில்லை. வந்தால் கைதட்ட ஆள் இருக்காது. புகழ் மொழியில் தன் பெயர் வந்ததும் நாணி நின்றவனாக வன்பரணர் காட்டும் அந்த மனிதனை வைத்தே இந்த மார்தட்டல் நடக்கிறது என்பது எனக்கு வேதனை தருகிறது.

நம் மரபு வாதத்தை இப்படி நடத்தவில்லை. இலக்கண நூலான நன்னூல் அடுக்கும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளில், முதலாவது, பிறர் கருத்துக்கு உடன்படுதல். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருள்நந்தி சிவாசாரியார் பிற சமயத்தார் கொள்கையை முதலில் விரித்துச் சொல்லிவிட்டே மறுக்கிறார். அவரும் தம் சமயம் வெல்ல எழுதியவர்தான். ஆனாலும் எதிராளியின் கொள்கையை அருள்நந்தியிடமே கற்கலாம். பதிவில் கற்க முடியாது. இத்தனை காலம் படித்ததில், "நீங்கள் சொன்னதே சரி, என் பதிவை எடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர்கூட எழுதி நான் பார்த்ததில்லை.

வாதிட வேண்டியவை மலையில் இல்லாமலா போயின? சாமையும் தினையும் விளைந்த நிலங்களை ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நில உரிமைக் கோரிக்கைகளை முதலில் ஆராயவேண்டியது கிராம சபை. அங்கே பேசுபவர் எதிரே, மறுப்பவர் அதே ஊர்க்காரராக உட்கார்ந்திருப்பார். பேச்சின் முடிவோடு இருவரும் சேர்ந்து வாழ வேண்டும். அதனால் அங்கே விட்டுக்கொடுக்கவும் தெரியும், திருத்திக்கொள்ளவும் முடியும்.

அடுத்த ஆடியில் ஓரியைப் பற்றி எழுத உட்காருபவரிடம் ஒன்று கேட்கிறேன். எந்த ஆதாரம் கிடைத்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்பதைப் பதிவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அப்படி ஒரு வரி எழுத முடியவில்லை என்றால், பதிவையும் எழுதாதீர்கள்.