கதை கேட்கும் பாலையா

'காதலிக்க நேரமில்லை' (1964) என்றாலே நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சிதான் ஞாபகம் வரும். எங்க மணலூர்பேட்டைப் பக்கம் யாராவது ஆகாயத்தில் கோட்டை கட்டினால் "என்னப்பா, ஓஹோ புரொடக்‌ஷன்ஸா?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. எல்லாரும் அதை நாகேஷ் காட்சி என்கிறோம். எனக்கென்னவோ அது பாலையாவின் காட்சி என்றுதான் படுகிறது. பாலையாவை நம்பிய இயக்குநர் ஸ்ரீதரின் காட்சி என்றும் சொல்லலாம்.

ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்க. நாகேஷ் வாயாலேயே எழுப்பும் ஓசைகள் எதுவும் இல்லாமலும் சிரிப்பு வருகிறது. மகன் படம் எடுக்கக் காலணா தரமாட்டேன் என்கிற எஸ்டேட் முதலாளி அவர். மிதப்பாகக் கேட்க உட்கார்ந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறார். இத்தனைக்கும் செல்லப்பா சொல்லும் கதையில் கதையே கிடையாது! அது அவர் முகத்தில்தான் நடக்கிறது. ஸ்ரீதரும் அவசரப்படாமல் அந்த முகத்துக்கு நேரம் கொடுக்கிறார்.

இந்தப் பழக்கம் அவருக்கு நகைச்சுவையில் வந்ததல்ல. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் கட்டிலுக்கடியில் புகுந்துபோகும் வின்சென்ட்டின் கேமராவைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. ஆனால், தான் இறந்தால் டாக்டரை மணந்துகொள் என்று முத்துராமன் சொல்வதன் கனம், அதைக் கேட்கும் தேவிகாவிடம்தான் இருக்கிறது. அழவைப்பதற்கும் சிரிக்கவைப்பதற்கும் ஸ்ரீதரிடம் இருந்தது ஒரே முறைதான். ஹாலிவுட்டில் லியோ மெக்கேரி இப்படித்தான். 'தி ஆஃபுல் ட்ரூத்' என்ற சிரிப்புப் படமும், பிள்ளைகளுக்குப் பாரமாகிப்போன முதிய தம்பதியைப் பற்றிய 'மேக் வே ஃபார் டுமாரோ'வும் ஒரே வருஷம், 1937இல் வந்தவை.

குறை இல்லாமல் இல்லை. முத்துராமனின் கிழவர் வேஷத்தைத் தேவைக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் பாட்டை விட்டால் பெரிதாக வேலையில்லை. சித்ராலயா கோபுவின் வசனம்தான் அந்த இடங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது.

1966இல் ஸ்ரீதரே இதை இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தார். அங்கே கதை சொல்பவர் மெஹ்மூத், கேட்பவர் ஓம் பிரகாஷ். ஃபிலிம்ஃபேர் விருது மெஹ்மூதுக்குக் கிடைத்தது. அதையும் தேடிப் பாருங்க. ஓம் பிரகாஷை விட்டுக் கண்ணை எடுக்காமல்.