எழிலுக்கு வந்த கடிதமும் நம் தேர்வுத்தாள் கடிதமும்

மாணவர்களே, தேர்வில் உறவுக் கடிதம் எழுதச் சொன்னால் உங்கள் கை தானாகவே ஓடும். முகவரி, தேதி, விளிப்பு, 'நலம், நலமறிய ஆவல்'. அப்புறம்? பெரும்பாலும் ஒரு கட்டுரைதான் வருகிறது. தம்பியின் பெயரை எடுத்துவிட்டு மாமாவின் பெயரைப் போட்டாலும் உள்ளே ஒன்றும் மாறாது. அமைப்புக்குப் புள்ளிகள் கிடைக்கும், சரி. ஆனால் அது கடிதம்தானா?

இந்தக் கேள்வியோடு மு. வரதராசனாரின் 'தம்பிக்கு' நூலைப் படித்துப் பாருங்கள். அண்ணன் வளவன் தம்பி எழிலுக்கு எழுதுவதாக அமைந்த கடிதங்கள் அவை. இருவருமே கற்பனை மாந்தர்கள். ஆனாலும் முதல் கடிதத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். எழில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை வளவன் படித்திருக்கிறான். அதை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறான். நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது, வல்லமையும் வேண்டும் என்ற பெரிய கருத்துகூட அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகவே வருகிறது. 'நீ இப்படி எழுதினாய், அதனால் நான் இதைச் சொல்கிறேன்' என்ற உறவு அதில் இருக்கிறது. எளிய சொல், தெளிவான வாக்கியம். மு.வ.விடம் நாம் கற்க வேண்டியது இதுதான்.

குறையும் உண்டு. போகப் போக வளவன் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறான். மொழி, நாடு, குறள் என்று பேசும்போது, எதிரில் எழில் மட்டுமா இருக்கிறான்? தமிழ் இளைஞர் கூட்டமே இருப்பதுபோல் தோன்றுகிறது. நம் தேர்வுக் கடிதங்கள் மு.வ.வின் அறிவுரையைப் பிடித்துக்கொண்டன, தம்பியை விட்டுவிட்டன.

அதனால் கூடவே 'கு. அழகிரிசாமி கடிதங்கள்' தொகுப்பையும் தேடிப் படியுங்கள். 1952-இல் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய அதே அழகிரிசாமிதான். தம் இடைசெவல் ஊர்க்காரர் கி. ராஜநாராயணனுக்கு அவர் எழுதியவை இவை. கி.ரா. அவற்றைப் பத்திரப்படுத்தித் தொகுத்தார். ஒரே ஊரில் வளர்ந்த இருவருக்கு இடையே விளக்கவுரை எதற்கு? இலக்கியமானாலும் சங்கீதமானாலும் பேச்சு நேராக நண்பரிடம் போகிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அந்தக் காலத்து நீல நிற ஏரோகிராமை நினைத்துப் பாருங்கள். இருப்பதே ஒரு தாள்தான். இடம் போதாமல் மடிப்பின் ஓரத்திலும் எழுதினோம். அந்த நெருக்கடியில் எது முக்கியம் என்று கை தானாகக் கற்றுக்கொண்டது. இன்றைய மாணவர் பலருக்குத் தேர்வுத்தாளில் எழுதுவதே வாழ்க்கையில் எழுதும் ஒரே கைக்கடிதமாக இருக்கலாம். அதையும் வெறும் படிவமாக்கிவிட வேண்டாமே.

எழுதுமுன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "இவருக்கு மட்டும் புரியுற விஷயம் இதுல என்ன இருக்கு?" பாட்டியின் முழங்கால் வலியாக இருக்கலாம், தம்பி வளர்க்கும் பூனையாக இருக்கலாம். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் மற்ற வரிகள் பின்னாலேயே வரும்.