கழலும் தோளும் இரு கரைச் சிகிச்சையும்

கிழக்கிலங்கையில் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நீளும் எங்கள் கரையோரத்தில், வீச்சுவலையைத் தோளுக்கு மேலாகச் சுழற்றி எறியும் மீனவரும், அசருக்குப் பிறகு மணல் மைதானத்தில் பந்தைத் தடுக்கப் பக்கவாட்டில் பாயும் வாலிபரும் தம் காரியத்தை ஒரே மூட்டின் தயவில்தான் நடத்துகிறார்கள். மனித சரீரத்தில் மிக விசாலமாக அசையக்கூடிய அந்தத் தோள்மூட்டு, அசைவுக்காகவே ஸ்திரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. மேற்கை எலும்பின் தலை, ஆழமற்ற ஒரு குழியில், சிறிய அகப்பைமேல் வைத்த தோடம்பழம்போல நிற்க, குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையமும் தசைநார்களுமே அதைக் காவல் காக்கின்றன. முதல்முறை முன்பக்கமாக நழுவும்போது அந்த வளையம் பிய்ந்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு நழுவலும் குழியின் முன்விளிம்பு எலும்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது. இருபது வயதுக்குள் முதன்முறை கழன்ற தோள் மறுபடியும் கழல்வதே பெரும்பான்மை. நாற்பது கடந்தவருக்கு அந்தப் பயம் குறைவு.

கழன்ற தோளுக்கு முதலில் தேடப்படுபவர் கடலின் இரு கரையிலும் நாட்டு வைத்தியரே. எங்கள் ஊர்களில் பரிசாரியாரும் முறிவு வைத்தியரும் போல, தமிழ்நாட்டில் மூங்கில் பத்தையும் முட்டை வெண்கருவும் கொண்ட புத்தூர்க் கட்டு. கழன்ற எலும்பை நயமாக ஏற்றிவிடும் கைகள் அவர்களிடையே உண்டென்பதை மறுக்க வேண்டியதில்லை. அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் முறை கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸ் பெயரிலேயே வழங்குகிறது. ஆனால் கூடவே எலும்பு முறிந்திருந்தால், கதிர்ப்படம் பாராமல் இழுப்பது பெருங்கேடு. உள்ளே பிய்ந்த வளையத்தையோ எந்தக் கட்டும் பழைய ஸ்தானத்தில் ஒட்டவைக்க முடியாது.

அந்த வளையமே பழுதின் மூலம் என்று 1923இல் எழுதியவர் ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் பிளண்டல் பாங்கார்ட். அதை எலும்பு விளிம்பிலேயே திரும்பத் தைப்பது அவர் முறை. இன்று அதையே மூட்டு உள்நோக்கியைச் சிறு துவாரத்தால் செலுத்தி, நூல் கோத்த நுண்ணிய ஆணிகளை விளிம்பில் பதித்துச் செய்கிறார்கள். 1954இல் பிரான்ஸின் லியோன் நகரத்து மிஷேல் லத்தார்ஜே வேறொரு யுக்தி கண்டார்: காக்கையலகு முனை என்னும் எலும்புத் துண்டை அதில் தொடுத்த தசைநாரோடு வெட்டியெடுத்து, குழியின் முன்விளிம்பில் திருகாணியால் பொருத்துவது. தேய்ந்த இடத்தில் புது எலும்பு வந்துவிடுகிறது. கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பும்போது தசைநார் குறுக்கே நின்று தலையைத் தடுக்கிறது. நரம்புக்கு ஊறு நேரலாம் என்பதும், பிற்காலத்தில் மூட்டு தேயலாம் என்பதும் அதன் குறைகள்.

இரு தேசத்துப் பாதைகளும் பிரிவது இவற்றுள் எதைத் தேர்வது, எப்போது செய்வது என்ற இடத்திலேதான். இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். கல்முனையிலே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு வைத்தியசாலையும் ஒரே நகரில் இரண்டாக நிற்கின்றன. என்றாலும், காந்த அதிர்வுப் படமும் மூட்டு உள்நோக்கியும் எல்லா ஆதார வைத்தியசாலையிலும் இருப்பதில்லையாதலால், நோயாளி மட்டக்களப்புக்கோ, இரவு பஸ்ஸேறி 300 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து கொழும்புக்கோ அனுப்பப்படலாம்; அங்கே விபத்தில் சிதைந்தவர்களுக்குப் பின்னால்தான் அவர் முறை வரும். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் சில வைத்தியசாலைகளில் நிறுத்தியே வைக்கப்பட்டன. தமிழ்நாட்டிலோ 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீடும், 2018இல் வந்த குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் பாரத் திட்டமும் ஏழைக்குத் தனியார் மருத்துவமனையின் கதவையும் திறந்திருக்கின்றன; கையில் பணமுள்ளவர் படமெடுத்த வாரத்திலேயே மேசையில் படுக்கலாம்.

காத்திருக்கும் மாதங்களில் எங்கள் மீனவரின் தோள் உறக்கத்திலும் கழலத் தொடங்கி எலும்பைத் தின்றுவிட, தையலால் தீர்ந்திருக்கக்கூடிய பழுது லத்தார்ஜே முறையை வேண்டி நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. விரைவு உள்ள இடத்தின் அபாயம் நேர் எதிரானது: தழும்பு சிறிது, மறுநாளே வீடு என்ற கவர்ச்சியில், எலும்பு ஏற்கெனவே குறைந்த தோளுக்கும் உள்நோக்கித் தையல் போட்டுவிடுவது. இவ்விரண்டில் பின்னதே மன்னிக்கத் தகாதது என்பது என் அபிப்பிராயம். காத்திருப்பு வறுமையால் வருவது, அதுவோ அளந்து பாராமையால் வருவது. அளப்பதற்குப் பெரும் யந்திரமும் வேண்டியதில்லை. பால்க், புவாலோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் 2007இல் வெளியிட்ட 10 புள்ளிக் கணக்கு, வயது, விளையாட்டின் தன்மை, மூட்டின் தளர்ச்சி, சாதாரணக் கதிர்ப்படத்தில் தெரியும் இரு அடையாளங்கள் ஆகியவற்றைக் கொண்டே முடிந்துவிடுகிறது. 6 புள்ளிக்கு மேல் பெற்றவர்களிடம் உள்நோக்கித் தையல் 70 சதவீதம் தோற்கக் கண்ட அவர்கள், அத்தகையோருக்கு லத்தார்ஜே முறையையே சிபாரிசு செய்தார்கள். கல்முனைக் கிளினிக்கிலும் இதைச் செய்யலாம். கையைத் தோளளவு உயர்த்தி வெளிப்புறம் திருப்பும்போது "விடுங்க டொக்டர், கழரப் போகுது" என்று நோயாளி முகம் சுளிப்பதே பாதிச் சாட்சி. லத்தார்ஜே முறையின் திருகாணிகளோ முறிவு சிகிச்சைக்கு வழக்கமாக வைத்திருக்கும் வகையினவே. இறக்குமதி நூலாணிக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

வசதியுள்ளவர்கள் சென்னைக்கு விமானம் ஏறுவதும் இப்போது சகஜமாகிவிட்டது. கத்தி வேலை அங்கே நன்றாகவே முடியும். ஆனால் நாலு முதல் ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட்டு, அதன்பின் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய தேகப்பயிற்சி சிகிச்சை ஊரில்தானே நடக்க வேண்டும்? "சுஜூதுக்குப் போகலாமா?" என்பதுதான் அப்போது முதலில் எழும் கேள்வி. கையூன்றிப் பாரம் இறக்கக் கூடாத வாரங்களில் கதிரையில் அமர்ந்து சைகையால் தொழ மார்க்கத்தில் இடமுண்டு. வலை வீசுவதற்கு நாலைந்து மாதமேனும் பொறுக்க வேண்டும். எந்த முறை செய்யப்பட்டது, எத்தனை ஆணி, எந்த வாரத்தில் எவ்வளவு கையை உயர்த்தலாம் என்ற விவரமெல்லாம் கொண்ட சத்திரசிகிச்சைக் குறிப்பை, கட்டணச் சீட்டோடு கேட்டு வாங்கி வந்து, இங்குள்ள தேகப்பயிற்சி சிகிச்சையாளர் கையில் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.