கூட்டத்தின் பாட்டும் விரல்களின் வித்தகமும்

மக்கள் கூடிப் பாடும் பாட்டிற்கு எளிமையே உயிர். கற்றாரும் கல்லாரும் ஒரே குரலாய்ப் பாட வேண்டுமாதலின் அஃது எளிதாய் அமைதலே சிறப்பு. அத்தகைய பாட்டொன்றைக் கைதேர்ந்த கலைஞர் சிலரே இசைக்கவல்ல அரும்படைப்பாக மாற்றுவது அப்பாட்டிற்குச் சிறப்பா, இழுக்கா? அமெரிக்க இசைப் படைப்பாளர் பிரெடெரிக் ஜெவ்ஸ்கி (1938–2021) தனிப் பியானோவுக்கென 1975இல் இயற்றிய 'ஒன்றுபட்ட மக்கள் ஒருபோதும் தோற்கார்' என்னும் படைப்பு இவ்வினாவை எழுப்புகின்றது.

இதன் கருவாகிய பாட்டு சிலி நாட்டிற் பிறந்தது. செர்ஹியோ ஒர்த்தேகாவும் கிலாப்பாயூன் இசைக்குழுவினரும் 1973இல் அதனை ஆக்கினர். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் படையினர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தனர். தோற்கார் எனப் பாடிய மக்கள் தோற்றனர். அத்தோல்வியின் நிழலில் எழுந்த படைப்பு இது என்பதை மறந்தால் இதன் உட்பொருள் விளங்காது.

அர்சுலா ஓப்பன்ஸ் என்னும் பியானோ கலைஞருக்காக எழுதப்பெற்று, 1976இல் அவரால் அரங்கேற்றப்பெற்ற இப்படைப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீள்வது. மூல மெட்டினைத் தொடர்ந்து, அதனையே புதுப்புது வடிவிற் காட்டும் 36 மாறுபாடுகள் வருகின்றன. அவை ஆறாறாக ஆறு தொகுதிகளாய் அமைந்துள்ளன. ஒவ்வொரு தொகுதியிலும் ஆறாம் மாறுபாடு, முன்சென்ற ஐந்தின் கூறுகளைத் தன்னுள் திரட்டிக்கொள்கின்றது. இறுதித் தொகுதியோ முன்னைய ஐந்து தொகுதிகளையும் திரட்டுகின்றது. ஒன்றுபடுதல் தலைப்பளவில் நின்றுவிடாது கட்டுக்கோப்பாகவே ஆகிவிடுகின்றது. உள்ளடக்கமே உருவத்தை வகுத்தல் என்பதற்கு இது தக்கதொரு சான்று.

எனினும் குறையே இல்லை எனல் ஆகாது. ஒலிகள் பியானோக் கட்டைகளின் இரு கோடிகளுக்கும் சிதறித் தெறிக்கும் இடங்களில் மெட்டு மறைந்துவிடுகின்றது. திரட்டலைத் தாளிற் காண்பது எளிது. செவியால் தொடர்வது அரிது. பழக்கமில்லாதார் விரல்களின் விரைவை வியந்ததோடு அமைதலும் கூடும். இவ்விடங்களில் வித்தகம் பாட்டை விழுங்குகின்றது.

ஆயினும் படைப்பாளர் இவ்விடரை உணராதவர் அல்லர். கடுமை மிக்க பகுதிகளுக்கிடையே சீழ்க்கை ஒலிக்கின்றது. பியானோவின் மூடி ஓங்கி அறைந்து சாத்தப்படுகின்றது. திடுமெனக் குரல் எழுகின்றது. இவற்றுக்கு இசைப் பயிற்சி வேண்டுவதில்லை. தெருவில் நிற்கும் எவராலும் இயலும். அரங்கின் நடுவே, கலைஞரின் உடல் வாயிலாகவே, கூட்டத்து மனிதர் தலைகாட்டுகின்றனர்.

முடிவில் மெட்டு மீள்கின்றது. கேட்பவர் செவிக்கு அது முன்னைய மெட்டன்று. சிதைவும் அமைதியும் சீற்றமும் கடந்து வந்த மெட்டு. தொடக்கத்தில் 'தோற்கார்' என்பது வெறும் முழக்கம்; முடிவில் அது உழைத்துப் பெற்ற நம்பிக்கை. சிலியின் படையாட்சி 1990இல் முடிவுற்றது. பதினைந்தாண்டுகள் முன்னதாக, இருளிடை நின்று அந்நம்பிக்கையைக் கட்டியெழுப்பியதால், இப்படைப்பின் அருமை பாட்டிற்கு இழுக்கன்று; பாட்டு கொடுத்த விலையின் அளவே அது.