வீதியோரக் கலையும் வீதியின் வரலாறும்

கலைக்கூடச் சுவர்களுக்குள் அடங்குவதே கலை எனக் கருதும் விமர்சகர்கள், நெடுஞ்சாலையோரத்திலே நிற்கும் சீமெந்துத் திமிங்கிலத்தைக் கண்டால் முகஞ்சுளிப்பர். பழமையை எண்ணி உருகும் உல்லாசப் பயணிகளோ அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டு மனநிறைவுடன் அப்பாற் செல்வர். இதனை யார், எவருக்காக, எத்தகைய சமுதாயச் சூழலிற் படைத்தனர் என்ற வினாவை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை. அவ்வினாவுடன் அமெரிக்காவின் 66ஆம் இலக்க நெடுஞ்சாலையை நோக்குவது பயனுடையதென நாம் கருதுகிறோம்.

1926இல் வகுக்கப்பட்ட இச்சாலை சிக்காகோவிலிருந்து எட்டு மாநிலங்களினூடாகக் கலிபோர்னியா வரை ஏறத்தாழ 2,400 மைல் சென்றது. முப்பதுகளிலே வரட்சியும் புழுதிப் புயலும் கடன்சுமையும் நிலத்தினின்று துரத்திய உழவர் குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய கார்களில் ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் போனது இவ்வழியாகவே. ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் வெளிவந்த தமது நாவலில் இதனைத் தாய்ச்சாலை என்றழைத்தார். ஆயின் அத்தாய் தன் பிள்ளைகள் அனைவரையும் ஒருங்கே பேணினாளில்லை. 1936இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிசார் மாநில எல்லைக்கே சென்று கையிற் காசில்லாதோரைத் திருப்பியனுப்பினர். அதே ஆண்டில் ஹார்லெமைச் சேர்ந்த தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பின மக்கள் அவமானமின்றி உண்ணவும் உறங்கவும் கூடிய இடங்களைத் திரட்டி வழிகாட்டி நூலொன்றை வெளியிடத் தொடங்கினார். நியூயோர்க் வட்டாரத்துக்கெனத் தோன்றிய அந்நூல் பின்னர் நாடெங்கும் விரிந்தது. அறுபதுகளின் நடுப்பகுதிவரை அதற்குத் தேவையும் இருந்தது. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் தங்கலாகாது என்ற ஊர்கள் இச்சாலையிலும் பல இருந்தன.

இப்பின்னணியிலேயே வீதியோரக் கலையை மதிப்பிடல் வேண்டும். அதிற் பெரும்பகுதி வணிகத்தின் தூண்டில் என்பதில் ஐயமில்லை. விரையும் காரை நிறுத்தச் சிறிய பலகை போதாது. பூதாகாரமான உருவமே வேண்டும். அரிசோனாவின் ஹொல்புறூக் நகரில் 1950இல் எழுந்த விக்வாம் விடுதியை நோக்குக. கூம்பு வடிவான அதன் சீமெந்து அறைகள் சமவெளிக் குடிகளின் தோற்கூடாரத்தைப் போன்றவை. பெயரோ வடகிழக்குக் காட்டு மக்களின் குடிசைக்குரியது. அயலில் வாழும் நவஹோ மக்களின் இல்லமோ ஹோகன் எனப்படும் வேறொன்று. பூர்வீகக் குடிகளின் நிலத்தைப் பறித்த சமுதாயம், அவர்களின் வேறுபாடுகளையும் அழித்து ஒரே பொம்மையாக்கி, இரவு வாடகைக்கு விட்டது. வேடிக்கையான இக்கட்டிடத்தில் உறைந்திருக்கும் வரலாறு இதுவே.

எனினும் வீதியோரக் கலை முழுவதையும் இவ்வாறு ஒதுக்கிவிடுதல் அநீதியாகும். ஒக்லஹோமாவின் பொயில் ஊரருகே, ஓய்வுபெற்ற கைப்பணி ஆசிரியரான எட் கலோவே 1937 முதல் 1948 வரை உழைத்துத் தொண்ணூறு அடி உயரமான குலக்குறித் தூணொன்றைச் சீமெந்தில் எழுப்பினார். குலக்குறித் தூண் பசிபிக் வடமேற்குக் கரை மக்களுக்குரியது; ஆதலின் இடமயக்கம் அவரிடமும் உண்டு. ஆனால் பதினோராண்டு உழைப்பை அவர் வாடகை அறையாக்கவில்லை. கட்டூசாவிலே ஹியூ டேவிஸ் எழுபதுகளின் தொடக்கத்தில் தம் மனைவிக்குத் திருமண நினைவுப் பரிசாகக் கட்டிய நீலத் திமிங்கிலமும் அத்தகையதே. அயலவர் அக்குளத்தில் நீந்த வரத்தொடங்கவே அது பொதுமக்களுக்குந் திறந்துவிடப்பட்டது. கலைப்பள்ளியின் அங்கீகாரத்தை வேண்டாத இவ்வுழைப்பை நாம் மக்கள் கலை என்று தயக்கமின்றிக் கூறலாம்.

அமரில்லோவுக்கருகே 1974இல் 'ஆன்ற் பாம்' குழுவினர் பத்துக் கடிலாக் கார்களை மூக்குக் கீழாக நிலத்திற் புதைத்தனர். 1949 முதல் 1963 வரையான அவற்றின் வால்துடுப்புகள் வளர்ந்து தேய்வதைக் காணும்போது, ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றிப் பழையதை இழிவாக்கும் உற்பத்திமுறையின் கல்லறையையே காண்கிறோம். இவ்வங்கதத்துக்குப் பணமளித்தவர் ஒரு செல்வந்தர் என்பது உண்மையே. ஆனால் இன்று வழிப்போக்கர் யாவரும் அதன்மீது வர்ணம் பூசுகின்றனர். படைப்பு புரவலரின் கையிலிருந்து மக்களின் கைக்கு மாறிவிட்டது.

1956இன் சட்டம் மாநிலங்களிடைப் பெருஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. அவை சிற்றூர்களை ஒதுக்கிச் சென்றன. அவ்வூர்களின் பிழைப்பும் நலிந்தது. 1985இல் 66ஆம் இலக்கமே நீக்கப்பட்டது. அதன்பின் பழைய சாலை ஏக்கத்தை விற்கும் பண்டமாயிற்று. பழைய விளக்குப் பலகைகளைப் புதுப்பிப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் லூதர் ஊரருகே கறுப்பினக் குடும்பமொன்று தன் நிலத்தில் வெட்டிய கல்லினாற் கட்டிய பெற்றோல் நிலையமும் அதே அக்கறையுடன் பேணப்படல் வேண்டும். கிரீனின் வழிகாட்டி நூலும் இச்சாலையின் இலக்கியமே. திமிங்கிலத்தின் முன் மகிழும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை அந்நூலின் துணைகொண்டு ஆராயாத விமர்சனம், உல்லாசப் பயணியின் படத்தொகுப்பைவிட மேலானதாகாது.