மதுரைத் திட்டமும் தட்டச்சிட்டோர் பெயரும்

மதுரைத் திட்டம் என்பது தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாக வழங்கும் தன்னார்வ முயற்சியாகும். இது 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்தினார். இந்த நூல்களுக்கு உழைத்தவர்களின் பெயர் எவ்வாறு காக்கப்படுகிறது, எங்கே தொலைந்துபோகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முகப்புக் குறிப்பு

மின்னூலின் தொடக்கத்தில் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் தரப்படுகின்றன. முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்திருந்தால் கோப்பை யாரும் பரப்பலாம் என்பதே நிபந்தனை. பணமும் கேட்கவில்லை, அனுமதிக் கடிதமும் கேட்கவில்லை.

கட்டற்ற மென்பொருளின் நெறியும் இதுவே. குனூ பொது உரிமத்தின்படி மென்பொருளைப் பகிர்பவர் பதிப்புரிமைக் குறிப்புகளை நீக்கக் கூடாது. குனூ கட்டற்ற ஆவண உரிமம் இன்னும் விரிவானது. திருத்திய பதிப்பை வெளியிடுவோர் மூல ஆவணத்தின் முதன்மை ஆசிரியர் ஐவரையேனும் முகப்பில் குறிக்க வேண்டும். 'வரலாறு' என்னும் பகுதியையும் காக்க வேண்டும்.

சட்டத்தின் எல்லை

இந்தியாவில் இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை, பொதுவாக ஆசிரியர் மறைந்த மறு ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நீடிக்கும். சங்கப் பாடல்களுக்குப் பதிப்புரிமை என்பதே இல்லை. அவற்றைத் தட்டச்சிட்ட உழைப்பு புதிய உரிமையைத் தருமா? ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில், உழைப்பும் செலவும் மட்டும் போதாது, சிறிதளவேனும் படைப்பாற்றல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே பழம்பாடலை உள்ளபடியே உள்ளிட்டவர் அதற்குப் பதிப்புரிமை கோருவது கடினம். பதிப்புரிமை இல்லாத இடத்தில் உரிமமும் கட்டுப்படுத்தாது. எஞ்சியிருப்பது நேர்மை ஒன்றே.

குறைகள்

திட்டத்திலும் குறைகள் உண்டு. பொதுவுடைமையான பாடலுக்கு மேல் பதிப்புரிமைக் குறியீடு இருப்பது மாணவரைக் குழப்பும். நிபந்தனை ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். பழைய கோப்புகள் சிலவற்றில் எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்து உள்ளிட்டார்கள் என்பது தெரிவதில்லை. பெயர்கள் தலைப்பில் மட்டும் இருப்பதால், ஒரு பாடலைத் தனியே எடுக்கும்போது அவை உதிர்ந்துவிடுகின்றன. விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு இருக்கிறது. யார் மெய்ப்புப் பார்த்தார் என்பதை அங்கே காணலாம். இந்த வகையில் அது மேலான முறை.

பரிபாடல் காட்டும் வழி

பரிபாடலின் 15ஆம் பாடல் அழகர்கோவில் மலையாகிய திருமாலிருங்குன்றத்தைப் பாடுவது. பாடியவர் இளம்பெருவழுதியார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் நோதிறம் என்று அதன் அடியில் குறிப்பு உண்டு. அந்த இசை இன்று நம்மிடம் இல்லை. வகுத்தவர் பெயர் மட்டும் இருக்கிறது. பாடலின் அடியிலேயே எழுதி வைத்ததுதான் காரணம். ஆனால் ஏடுகளைப் படியெடுத்து நம் காலம்வரை கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாது.

இன்று தட்டச்சிடுபவரும் மெய்ப்புப் பார்ப்பவரும் அந்த ஏடெழுதியவர்களின் வழிவந்தவர்களே. ஒரு பாடலை எடுத்தாளும் மாணவர் அதன் கீழே மூலப் பதிப்பு, உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் என ஒரு வரி சேர்க்கலாம். சட்டம் கேட்காவிட்டாலும் அது செய்யத்தக்கது.